வாய்க்காலுக்கு மேற்கே

போன மாதம் எதிர்வீட்டுக்காரரின் பேரன் நண்பர்களோடு புதுச்சேரி போய்விட்டு வந்தான். மதுரையில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறான். உசிலம்பட்டியில் எனக்கு இருக்கிற பட்டப்பெயர் 'பாண்டிச்சேரி ஐயா' என்பதால், வந்த மறுநாளே செல்போனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டான்.

"தாத்தா, உங்க ஊரப் பாத்துட்டு வந்துட்டோம். ஐரோப்பாவுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கு தாத்தா!"

படங்களைக் காட்டினான். மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, அதன்மேல் தொங்கும் காகிதப்பூக் கொடி, முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இவன். அடுத்த படத்தில் இன்னொரு மஞ்சள் சுவர், முன்னால் இவன் நண்பன். நாற்பது ஐம்பது படம் இருக்கும். சுவர்கள் மாறின, நின்ற பையன்கள் மாறினார்கள். ஒரு படத்திலாவது அந்த ஊர்க்காரர் ஒருவர் முகம் இல்லை.

"நல்லா இருக்குய்யா. வாய்க்காலத் தாண்டி அந்தப் பக்கம் போனியா?" என்று கேட்டேன்.

"எந்த வாய்க்கால் தாத்தா?"

அவனைக் குறை சொல்ல முடியாது. நம் ஊர்ப் பிள்ளைக்கு வாய்க்கால் என்றால் 58 கிராமக் கால்வாய்தான். ஆனால் அவன் கேட்ட அந்தக் கேள்வி இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இதில் என் மேலேயே ஒரு குற்றம் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பிறந்தது 1950-இல், புதுச்சேரியில். அப்போது அது பிரெஞ்சுக் கொடி பறந்த ஊர். பள்ளியில் கணக்கு, பூகோளம், சரித்திரம் எல்லாமே பிரெஞ்சில்தான். வீட்டில் தமிழ், தெருவில் தமிழ், வகுப்புக்குள் நுழைந்தால் "போன்ழூர் முசியே". பிரான்சின் நதிகளை வரிசையாக ஒப்பிப்பேன். வைகை எங்கே ஓடுகிறது என்று தெரியாது. பிறகு மத்திய அரசில் எழுத்தர் வேலை கிடைத்து மதுரைக்கு வந்தேன். கல்யாணம் உசிலம்பட்டியில். ஓய்வுபெற்றதும் மனைவியின் ஊரே என் ஊராகிவிட்டது. வந்த புதிதில் "பாண்டியிலிருந்து வருகிறேன்" என்றால் பாண்டி முனீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வருவதாக நினைத்துக்கொள்வார்கள். வைகையைப் பற்றி இப்போது எனக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அதில் தண்ணீர் வராத வருடங்கள் உட்பட.

புதுச்சேரி ஒரு சின்னத் தலைநகரம். காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் என்று இந்தியாவின் மூலைக்கொன்றாகச் சிதறிக்கிடந்த பிரெஞ்சுப் பகுதிகளுக்கெல்லாம் அதுதான் தலை. கவர்னர், நீதிமன்றம், கருவூலம் எல்லாம் அங்கேதான். இன்றும் ஒரு யூனியன் பிரதேசத்தின் தலைநகரம். சைக்கிளில் ஏறினால் அரை மணியில் சுற்றிவிடக்கூடிய பழைய ஊருக்குள்ளேயே சட்டமன்றம், துணைநிலை ஆளுநர் மாளிகை, தலைமைச் செயலகம் எல்லாம் அடங்கிவிடும். மந்திரியைப் பார்க்க வேண்டுமென்றால் டீக்கடையில் காத்திருந்தாலே போதும் என்று எங்கள் ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்தச் சின்னத்தன்மைதான் அந்த ஊரின் அழகு.

ஆனால் அதை 'ஐரோப்பிய நகரம்' என்று சொல்வதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சரித்திரத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

பிரான்சுவா மார்த்தேன் என்கிற பிரெஞ்சுக் கம்பெனி அதிகாரி 1674-இல் அங்கே குடியேறினார். அவர்கள் வந்தது துணிக்காக. நம் நெசவாளர்கள் நெய்த துணி இல்லையென்றால் அந்த ஊருக்குக் கப்பலே வந்திருக்காது. 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். 1699-இல் திரும்பக் கொடுத்தார்கள். இடைப்பட்ட அந்தச் சில வருடங்களில் டச்சுக்காரர்கள் போட்ட வரைபடத்திலிருந்துதான் அந்த நேர்நேரான தெருக்கள் வந்தன என்கிறார்கள் சரித்திரம் படித்தவர்கள். ஆக, 'பிரெஞ்சுக்காரன் போட்ட தெரு' என்று நாம் மெச்சுவதில் பாதி டச்சுக்காரன் போட்டது.

அப்புறம் 1761. லாலி என்கிற பிரெஞ்சுத் தளபதி ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். ஆங்கிலேயர் கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். சமாதானமாகி ஊர் திரும்பக் கிடைத்தபோது எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் ஊர் இரண்டு மூன்று முறை கை மாறியது. 1816-இல்தான் நிரந்தரமாகப் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அந்த மாளிகைகளுக்கெல்லாம் சுண்ணாம்பு அரைத்தது யார்? செங்கல் அறுத்தது யார்? சுவரை முட்டை ஓட்டின் உட்பக்கம் மாதிரி வழவழப்பாகத் தேய்த்தது யார்? எல்லாம் நம் கொத்தனார்களும் சித்தாள்களும்தான். பையன் படமெடுத்துக்கொண்டு வந்த மஞ்சள் சுவரில் இருப்பது தமிழ்க் கை.

இதையெல்லாம் நேரில் பார்த்து எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷி. 1736 முதல் 1761 வரை, ஏறக்குறைய இருபத்தைந்து வருடம் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கவர்னர் என்ன சொன்னார், எந்தக் கப்பல் வந்தது, எவன் எவனுக்கு லஞ்சம் கொடுத்தான் எல்லாம் அதில் உண்டு. 1748-இல் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்ததைப் படிக்கும்போது இன்றைக்கும் வயிறு எரியும். ஊர் விழுந்த அதே 1761 ஜனவரியில் அவரும் கண்ணை மூடினார். நாட்குறிப்பு வெளியுலகத்துக்குத் தெரியவந்தது 1846-இல்தான். ஒரு எழுத்தனாகச் சொல்கிறேன், பைலை இவ்வளவு ஒழுங்காக வைத்திருந்த ஆளை நான் பார்த்ததில்லை.

அவருடைய வீடு இன்றும் இருக்கிறது. கீழ்த்தளத்தில் மரத்தூண்களும் முற்றமும். மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணியில் தூண்கள். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. புதுச்சேரி என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் இந்த வீட்டைக் காட்டுவேன். இது இருப்பது வாய்க்காலுக்கு மேற்கே.

அந்த வாய்க்காலைச் சொல்லிவிடுகிறேன். பெரிய வாய்க்கால் என்று பெயர். வடக்கு தெற்காக ஊரை இரண்டாக வெட்டும். கிழக்கே கடலோரமாக வெள்ளைக்காரர் குடியிருந்த பகுதி, 'வீல் பிளான்ஷ்', வெள்ளை நகரம். மேற்கே நாங்கள் இருந்தது 'வீல் நுவார்', கறுப்பு நகரம். பிரெஞ்சு படித்த பிள்ளை நான், அர்த்தம் தெரிந்துகொண்டுதான் அந்த வார்த்தையைச் சொல்லி வளர்ந்தேன். இன்றைக்குச் சுற்றுலாக்காரர்கள் 'ஒயிட் டவுன்' என்று கூகுளில் தேடிக்கொண்டு போகிறார்கள். அந்த 'ஒயிட்' சுவரின் நிறமல்ல, அங்கே குடியிருந்தவர்களின் நிறம் என்பதை யார் சொல்வது?

மேற்கே எங்கள் வீடுகள் வேறு மாதிரி. கிழக்கே வீட்டுக்கு உயரமான மதில், பெரிய கதவு. உள்ளே இருப்பவர் யாரென்று தெருவுக்குத் தெரியாது. எங்கள் பக்கம் வீடு தெருவைப் பார்த்துச் சிரிக்கும். முதலில் தாழ்வாரம், தெருவில் போகிறவர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க. அதற்குள்ளே திண்ணை, தெரிந்தவர் உட்கார. அப்புறம் தேக்குக் கதவு, நடை, முற்றம். தாழ்வாரங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் தெருக்கோடியிலிருந்து மறுகோடி வரை தலை நனையாமல் போகலாம். கோயில் அந்தப் பக்கம், மசூதி இந்தப் பக்கம், 1791-இல் கட்டி முடித்த சம்பா கோயில் நடுவில். 'சேன் போல்' என்கிற பிரெஞ்சுப் பெயர் எங்கள் வாயில் 'சம்பா' ஆனது. நெல் பெயர் மாதிரி இல்லையா? மாதா கோயிலுக்கு நெல் பெயர் வைத்த ஊர் எங்கள் ஊர்.

பிரெஞ்சுக்காரரால் நன்மையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அவர்கள் பள்ளியில் படித்தவன், பொய் சொல்லக்கூடாது. மருத்துவப் பள்ளியை 1823-இல் தொடங்கினார்கள். பொது நூலகத்தை 1827-இல் திறந்தார்கள். ரொமேன் ரோலான் பெயரில் இருக்கும் அந்த நூலகத்தில்தான் என் பள்ளி நாட்களின் பாதி கழிந்தது. ஆங்கில அரசு துரத்தியபோது பாரதியார் வந்து பத்து வருடம், 1908 முதல் 1918 வரை, இருந்தது அங்கேதான். அரவிந்தர் வந்தார், வ.வே.சு. ஐயர் வந்தார். கனகசுப்புரத்தினம் என்கிற உள்ளூர் வாத்தியார் பாரதியைப் பார்த்துப் பாரதிதாசன் ஆனார். அந்தப் பாதுகாப்பைப் பிரெஞ்சுக் கொடி கொடுத்தது நிஜம்.

ஆனால் எது கிடைத்தாலும் கேட்டு வாங்கித்தான் கிடைத்தது. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்று ஒரு வக்கீல். 1873-இல் காலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். ஒரு தமிழன் பூட்ஸ் காலோடு வருவதா என்று நீதிபதி ஆட்சேபித்தார். வக்கீல் விடவில்லை. வழக்கைப் பாரிஸ் வரை கொண்டுபோய் ஜெயித்தார். பின்னாளில் 'லாபோர்த்' என்று பிரெஞ்சுக் குடும்பப்பெயர் வைத்துக்கொண்டார். அதற்குக் 'கதவு' என்று அர்த்தம். கதவைத் திறந்தவருக்குப் பொருத்தமான பெயர்தான். அந்தப் பெயரில் இன்றும் ஒரு தெரு இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பெருங்காமநல்லூர் எல்லோருக்கும் தெரியும். 1920 ஏப்ரல் 3. ரேகைச் சட்டத்தை எதிர்த்து நின்றவர்களை ஆங்கிலேயப் போலீஸ் சுட்டது. மாயக்காளும் மற்றவர்களும் உயிர்விட்டார்கள். வருடந்தோறும் போய் மாலை போடுகிறோம். புதுச்சேரியிலும் அப்படி ஒரு நாள் உண்டு. 1936 ஜூலை 30. சங்கம் வைக்கும் உரிமையும் எட்டு மணி நேர வேலையும் கேட்ட பஞ்சாலைத் தொழிலாளர்களைப் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. 12 பேர் இறந்தார்கள். தோழர் வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தால்தான் அடுத்த வருடம் எட்டு மணி நேர வேலை சட்டமானது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று வகுப்பில் எங்களை எழுந்து நின்று சொல்லவைத்தார்கள். இந்தப் பன்னிரண்டு பேரைப் பற்றி அந்த வகுப்பில் யாரும் சொல்லவில்லை. ஆங்கிலேயன் ஆனாலும் பிரெஞ்சுக்காரன் ஆனாலும் துப்பாக்கி ஒன்றுதான்.

இனி என் வீட்டுக் கதை.

1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு சேர 170 ஓட்டு, வேண்டாம் என்று 8. நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கை மாறியது. ஆனால் சட்டப்படி முழுதாக மாறியது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்கிறவர்கள் எழுதிக்கொடுக்கலாம். எழுதிக்கொடுக்காதவர்கள் தானாக இந்தியர்.

என் அப்பா கடைக் கணக்குப்பிள்ளை. சித்தப்பா 'சொல்தா'. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய் வந்தவர், பிரெஞ்சு பென்ஷன்காரர். சித்தப்பா எழுதிக்கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. "பட்டாளத்தில் இருந்தவன் நீ, உனக்கு அது சரி. நான் எங்க போகப்போறேன்?" என்று முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு அப்பா சொன்னது காதில் இருக்கிறது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரே வீடு, ஒரே முற்றம், ஒரே அடுக்களை. கிழக்கு அறையில் பிரான்சு, மேற்கு அறையில் இந்தியா. ஜூலை 14 வந்தால் சித்தப்பா மெடல் குத்திக்கொண்டு கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். ஆகஸ்ட் 15 வந்தால் அப்பா எங்களுக்கு ஆரஞ்சு மிட்டாய் வாங்கிவருவார். சித்தப்பா அதில் இரண்டு எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். சண்டை ஒன்றும் கிடையாது.

சித்தப்பா பிள்ளைகள் மூன்று பேரும் பாரிஸ் புறநகருக்குப் போனார்கள். அக்கா காரைக்காலில் வாழ்க்கைப்பட்டாள். நான் உசிலம்பட்டிக்காரன் ஆனேன். அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி ஒவ்வொருவராகப் போனபின் வீடு பூட்டிக்கிடந்தது. வருடத்துக்கு ஒரு முறை போய்த் திறந்து, கூட்டி, விளக்கேற்றிவிட்டு வருவேன். ஒரு மழைக்காலத்தில் பின்கட்டு உத்திரம் இறங்கிவிட்டது. பழுதுபார்க்கக் கேட்டால் புது வீடே கட்டிவிடலாம் போலிருந்தது அவர்கள் சொன்ன தொகை. பாரிசிலிருந்து "அண்ணா, நீங்க பாத்து முடிவு பண்ணுங்க" என்றார்கள். அக்கா "எனக்கு வயசாயிடுச்சுடா" என்றாள். ஐந்து பங்கு. ஒருவர் கையிலும் பணம் இல்லை, அல்லது மனம் இல்லை.

விற்றோம். பத்திரத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. இருபத்தெட்டு வயதிலிருந்து அறுபது வயது வரை ஆபீசில் எத்தனையோ ஆயிரம் கையெழுத்துப் போட்டவன், அன்று பேனா பிடிக்கத் தடுமாறினேன்.

வாங்கியவர் வீட்டை இடித்தார். அதில் எனக்குக் கோபம் இல்லை, அவர் பணம் கொடுத்து வாங்கினார். அடுத்த தடவை போனபோது அந்த இடத்தில் நாலு மாடித் தங்கும் விடுதி நின்றது. முகப்பில் மஞ்சள் வண்ணம், வெள்ளைக் கரை, ஒட்டவைத்த அட்டை மாதிரி வளைவுகள், வாசலில் ஒரு பிரெஞ்சுப் பெயர். அதில் எழுத்துப்பிழை வேறு. சைகோனிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த மேஜையில் உட்கார்ந்து நான் பிரெஞ்சு இலக்கணம் எழுதிப் பழகிய அதே இடம்.

எதிர்வீட்டுப் பேரன் தங்கியது எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, அப்படிப்பட்ட இன்னொரு விடுதியில். அவன் மேற்கே ராத்திரி தூங்கியிருக்கிறான். பகலில் கிழக்கே போய்ப் படமெடுத்திருக்கிறான். தூங்கிய இடம் ஒரு தமிழ்த் தெரு என்பது அவனுக்குத் தெரியவே இல்லை, ஏனென்றால் அவனுக்குத் தெரிகிற மாதிரி அங்கே ஒன்றையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை.

என் கருத்து இதுதான். புதுச்சேரியில் பிரெஞ்சு நகரம் சாகவில்லை, அதற்குக் காசு இருக்கிறது. செத்துக்கொண்டிருப்பது தமிழ் நகரம். அதுவும் பிரெஞ்சு வேஷம் போட்டுக்கொண்டு சாகிறது.

காப்பாற்ற முடியாதா என்றால், முடியும் என்பதற்கு அந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. கடற்கரைச் சாலையில் 'மேரி' என்று நாங்கள் சொல்லும் பழைய நகராட்சிக் கட்டிடம், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டிடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. ஊரே போய்ப் பார்த்துக் கண்கலங்கியது. அதைப் பழைய உருவத்திலேயே மறுபடியும் கட்டி 2021-இல் திறந்தார்கள். இன்னொன்று கடற்கரை. 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டியதும், வடக்கே போக வேண்டிய மணல் தெற்கிலேயே தங்கிவிட்டது. நான் ஓடி விளையாடிய மணற்பரப்பு போய் வெறும் கருங்கல் குவியல்தான் மிஞ்சியது. பல வருடம் கழித்து, 2018 வாக்கில், கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தார்கள். மணல் திரும்பி வந்து சேர்ந்தது. இப்போது அந்த மணலில் குழந்தைகள் விளையாடுகின்றன. விழுந்ததை எழுப்பவும், போனதை வரவழைக்கவும் வழி இருக்கிறது. வேண்டும் என்று நினைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மேற்கேயும் ஒரு முறை நினைத்தார்கள். வைசியாள் வீதியில் இன்டாக் அமைப்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு வீட்டு முகப்புகளைப் பழுதுபார்த்து, தாழ்வாரங்களைத் திரும்ப எடுத்துக் கட்டியது. இன்று அந்தத் தெருவில் நடந்தால் என் சின்ன வயதுத் தெருவில் நடப்பது போலிருக்கும். ஒரு தெருவில் முடிந்தது ஏன் பத்துத் தெருவில் முடியாது?

பழைய வீட்டில் எவன் குடியிருப்பான், கழிப்பறை கொல்லைக்கோடியில், கார் நிறுத்த இடமில்லை, மழை பெய்தால் முற்றமெல்லாம் தண்ணீர் என்று சொல்வார்கள். நியாயம்தான். நானே விற்றவன், உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் விற்றவனுக்குத்தான் ஏன் விற்றோம் என்பது தெரியும். அனுபவத்தில் மூன்று காரணம் சொல்கிறேன்.

ஒன்று, பங்கு. தமிழ் வீடு இடிவது பெரும்பாலும் மழையால் அல்ல, பாகப்பிரிவினையால். ஐந்து பேருக்குப் பங்குள்ள வீட்டுக்கு ஓடு மாற்ற ஐந்தில் ஒருவரும் காசு போடமாட்டார். இப்படிப்பட்ட வீட்டை அரசாங்கமோ ஒரு பொது அறக்கட்டளையோ நியாய விலைக்கு வாங்கிக்கொள்ள, அல்லது நீண்ட குத்தகைக்கு எடுத்துப் பழுதுபார்க்க ஒரு ஏற்பாடு இருந்திருந்தால், விடுதிக்காரரைவிடக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்தாலும் அவர்களுக்கே கொடுத்திருப்பேன். பாரிஸ் தம்பிகளும் சரி என்றிருப்பார்கள். கேட்க ஆள் இல்லை.

இரண்டு, நேரம். இடிந்தபின் கொடுக்கிற உதவியைவிட, உத்திரம் இறங்கும்போது கொடுக்கிற சின்ன உதவி பெரிது. முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இடித்தால் போதும் என்கிற எண்ணமும் போக வேண்டும். முகப்பு மட்டும் நின்றால் அது நாடகக் கொட்டகைத் திரை. தமிழ் வீட்டின் உயிர் முற்றத்தில் இருக்கிறது.

மூன்று, ஆள். சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிமெண்டுக் கொத்தனாரைவிட இரண்டு பங்கு கூலி கொடுத்து, கூட நாலு பையன்களைப் பழக்கினால் வேலையும் நிற்கும், வீடும் நிற்கும். ஒரு காலத்தில் பஞ்சாலைதான் அந்த ஊருக்குச் சோறு போட்டது. கடைசியில் ஏ.எஃப்.டி. ஆலையும் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. இன்று சனி, ஞாயிறு வந்து போகிறவர்களை நம்பித்தான் பாதி ஊர் பிழைக்கிறது. வருகிறவர்கள் மஞ்சள் சுவரையும் மலிவு விலைச் சரக்கையும் மட்டும் பார்த்துவிட்டுப் போனால், நாளைக்கு வேறு ஊரில் வேறு கலர்ச் சுவர் கிடைத்ததும் அங்கே போய்விடுவார்கள். வேறெங்கும் கிடைக்காதது, கீழே தமிழும் மேலே பிரெஞ்சுமாக இருக்கிற அந்த வீடுகள்தான்.

உசிலம்பட்டிக்கு இதில் என்ன என்று கேட்கிறீர்களா? நம் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் வந்தபோது வரிசையாகத் திண்ணை வைத்த ஓட்டு வீடுகள். இப்போது திண்ணை மிச்சமிருப்பது என் வீட்டிலும் இன்னும் இரண்டு வீட்டிலும்தான். மற்றதெல்லாம் வாசலில் இரும்புக் கேட்டு, கேட்டுக்குப் பின்னால் நாய். யாரும் யார் வீட்டிலும் உட்காருவதில்லை. பையன் வந்து செல்போனைக் காட்ட ஒரு திண்ணை இருந்ததால்தான் இந்தக் கட்டுரையே வந்தது.

அவனுக்கு மே மாதம் மறுபடியும் போகும் எண்ணம் இருக்கிறதாம். நேற்று வந்தான். பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் படம் வரைந்து கொடுத்தேன். நடுவில் பெரிய வாய்க்கால். அதற்கு மேற்கே ஐந்து இடம். ஈசுவரன் தருமராசா கோயில் வீதியில் பாரதி இருந்த வீடு, பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு, ஆனந்தரங்கப் பிள்ளை வீடு, சம்பா கோயில், வைசியாள் வீதி. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் காந்தி வீதிச் சந்தையையும் பார்த்துவிடச் சொன்னேன்.

"உங்க வீடு எங்க தாத்தா இருந்துச்சு?" என்று கேட்டான்.

பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். "இங்க. இப்ப போனா ஒண்ணும் தெரியாது. சும்மா அந்த இடத்தில ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போ" என்றேன்.

"சரி தாத்தா" என்று கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். போய்விட்டு வந்து என்ன சொல்கிறான் என்று பார்ப்போம். படங்களில் ஒரு மனித முகமாவது இருந்தால் எனக்குப் போதும்.